குடுவைக்குள் உண்மையில் எவ்வளவு நஞ்சு?

"ஆயிரம் பிபிஎம் ஈயத்தையும் தாங்கும் பாக்டீரியா" என்கிற மாதிரியான செய்தி அவ்வப்போது கண்ணில் படுகிறது. பேட்டரி உடைக்கும் கொட்டகையை ஒட்டிய மண், தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால், சாயப்பட்டறைச் சேறு என ஏதோ ஓரிடத்தில் ஒரு கைப்பிடி எடுத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்து, இவ்வளவு ஈயத்தில் வளர்கிறது, இவ்வளவு காட்மியத்தில் வளர்கிறது என்று அட்டவணை போட்டிருப்பார்கள். இதைக் கொண்டு நஞ்சேறிய நிலத்தைச் சுத்தம் செய்யலாம் என்ற நம்பிக்கையோடு கட்டுரை முடியும். நுண்ணுயிரியல் முதுகலை மாணவர்களுக்கு இது பிரியமான ஆய்வுத் தலைப்பு. செலவு குறைவு, ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம், விடையும் பெரும்பாலும் 'ஆம், தாங்குகிறது' என்றே வரும்.

எப்போது கேட்டாலும் 'ஆம்' என்கிற சோதனையைக் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. ஆயிரம் பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம். ஈயத்தின் அணு எடை 207; ஆகவே இது ஏறத்தாழ 4.8 மில்லிமோல். ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் டீட்ரிச் நீஸ் 1999இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சாதாரண ஈ. கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்த எந்த உலோகம் எவ்வளவு தேவை என்பதே அதில் உள்ளது. பாதரசம் 0.01 மில்லிமோல் போதும். வெள்ளிக்கு 0.02, குரோமேட்டுக்கு 0.2, காட்மியத்துக்கு 0.5. தாமிரம், நிக்கல், துத்தநாகம் ஆகியவை ஆளுக்கு 1 மில்லிமோல். ஈயத்துக்கு? 5 மில்லிமோல். அதாவது நச்சு மண்ணையே பார்த்திராத ஆய்வக ஈ. கோலைகூட அந்த ஆயிரம் பிபிஎம்மைக் கடைசி நூலிழையில் தாங்கிவிடும்.

ஈயம் அவ்வளவு சாதுவா என்றால், இல்லை. குழந்தைகளின் ரத்தத்தில் இந்த அளவு வரை இருக்கலாம் என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்டீரியாவிடம் மட்டும் அது அடங்கிப்போவதற்குக் காரணம் வேறு. குடுவையில் கொட்டிய ஈயத்தில் பெரும்பகுதி பாக்டீரியாவைப் போய்ச் சேருவதே இல்லை. வளர்ப்புக் கரைசலில் உள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத ஈய பாஸ்பேட்டாகி அடியில் படிந்துவிடுகிறது. மிச்சமிருப்பதைப் புரதத் துணுக்குகள் பிடித்துக்கொள்கின்றன. தராசில் நிறுத்துப் போட்டது ஒரு கிராம். செல்லின் சவ்வைத் தொட்டது அதில் எத்தனையில் ஒரு பங்கோ. கன உலோகத் தாங்குதிறன் சோதனையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி பாக்டீரியாவைப் பற்றியதல்ல, அது மிதக்கும் கரைசலைப் பற்றியது என்பது என் கட்சி.

சோதனை பார்ப்பதற்கு எளிமையானது. பத்து கிராம் மண்ணைத் தொண்ணூறு மில்லிலிட்டர் 0.85 சத உப்புக் கரைசலில் போட்டுக் குலுக்குவார்கள். அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து ஒன்பது மில்லிலிட்டரில், அதில் ஒன்றை எடுத்து இன்னொரு ஒன்பதில் என்று பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போவார்கள். வளமான மண் என்றால் ஒரு கிராமில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். லட்சம், பத்து லட்சம் மடங்கு நீர்த்தால்தான் தட்டில் கொத்துக்களைத் தனித்தனியாக எண்ண முடியும். கடைசிக் குழாயிலிருந்து 0.1 மில்லிலிட்டரை அகார் தட்டில் விட்டு, வளைந்த கண்ணாடிக் கம்பியால் தேய்த்துப் பரப்பி, 30 டிகிரியில் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் புள்ளிகள் தெரியும். உலோகம் கலந்த தட்டிலும் கலக்காத தட்டிலும் எண்ணிக்கையை ஒப்பிட்டால், அந்த மண்ணில் வளரக்கூடியவற்றுள் எத்தனை சதவீதம் தாங்குகிறது என்பது முதல் கணக்கு.

தாங்கியவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்துத் தூய வளர்ப்பாக்கி, செறிவைப் படிப்படியாக ஏற்றுவது அடுத்த கட்டம். கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி எந்த மிகக் குறைந்த செறிவில் முற்றிலும் நின்றுபோகிறதோ, அதுவே குறைந்தபட்சத் தடைச் செறிவு. ஆய்வகத்தில் சுருக்கமாக எம்.ஐ.சி. மருத்துவமனைகள் நோய்க்கிருமிகளுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்தின் அளவைக் கண்டறியும் முறையை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம். மருந்துச் சோதனைக்கு எந்த அகார், அதில் கால்சியம் எவ்வளவு, எத்தனை செல்கள், எத்தனை மணி நேரம் என்று உலகம் முழுவதற்கும் எழுதிவைத்த விதி உண்டு. மண் பாக்டீரியாவின் உலோகச் சோதனைக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் கிடையாது. அவரவர் அலமாரியில் இருக்கும் மீடியமே விதி.

குரோமியச் சோதனைக்குத் தாய்க்கரைசல் தயாரிப்பதைப் பார்ப்போம். ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் படிகங்களை உலர்த்தி, 2.829 கிராம் நிறுத்து, ஒரு லிட்டருக்குக் கரைத்தால் லிட்டருக்குச் சரியாக ஆயிரம் மில்லிகிராம் குரோமியம். எடையில் குரோமியம் சுமார் 35 சதம்தான்; மீதி பொட்டாசியமும் ஆக்சிஜனும். ஒரு கிராம் உப்பைக் கரைத்துவிட்டு 'ஆயிரம் பிபிஎம் குரோமியம்' என்று எழுதிவிட்டால், பாக்டீரியாவின் திறமை காகிதத்தில் மூன்று மடங்காகிவிடும். இந்தப் பிழை அச்சான கட்டுரைகளிலும் உண்டு. செறிவு உப்புக்கா உலோகத்துக்கா என்று சொல்லாமலே விடுகிறவர்கள் அதைவிட அதிகம். கரைசலை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வழியே சிரிஞ்சால் அழுத்தி நுண்ணுயிர் நீக்குவார்கள். ஆட்டோகிளேவில் கொதித்த அகார் ஐம்பது டிகிரிக்கு ஆறியதும், கெட்டியாவதற்குள் உலோகத்தைக் கலந்து தட்டில் ஊற்றிவிட வேண்டும். முன்னதாகவே கலந்து ஆட்டோகிளேவுக்குள் வைத்தால், அந்தச் சூட்டில் உலோகம் ஊடகத்தோடு வினைபுரிந்து பாதி வேறு ஏதோவாகிவிடும். குரோமேட் தட்டு மஞ்சளாகவும் தாமிரத் தட்டு நீலப்பச்சையாகவும் இருக்கும். காட்மியம் நிறமே காட்டாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கும் அதைக் கையுறை இல்லாமல் தொடுகிறவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பிபிஎம் கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. நஞ்சு வேலை செய்வது எடையால் அல்ல, அயனிகளின் எண்ணிக்கையால். நூறு பிபிஎம் ஈயம் அரை மில்லிமோல்கூட வராது. நூறு பிபிஎம் குரோமியம் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமோல். இரண்டையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பாக்டீரியா எதை அதிகம் தாங்குகிறது என்று முடிவு சொல்வது பொருந்தாது.

இனி ஊடகம். கல்லூரி ஆய்வகங்களில் எங்கும் இருப்பது நியூட்ரியண்ட் அகார். லிட்டருக்கு ஐந்து கிராம் பெப்டோன், மூன்று கிராம் மாட்டிறைச்சிச் சாறு. பாக்டீரியாவுக்கு விருந்து, உலோக அயனிக்குச் சிறை. பெப்டோனில் உள்ள அமினோ அமிலங்களும் சிறு புரதத் துண்டுகளும் தாமிரத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்கள் விரும்பும் எல்.பி. குழம்பில் லிட்டருக்குப் பத்து கிராம் சமையல் உப்பு. அதிலுள்ள குளோரைடு காட்மியத்தோடும் பாதரசத்தோடும் கூட்டுச் சேர்கிறது, வெள்ளியை வெள்ளி குளோரைடாக்கிப் படிய வைக்கிறது. பாஸ்பேட் தாராளமாக உள்ள கனிம ஊடகத்தில் ஈய நைட்ரேட்டை ஊற்றிய கணமே வெண்மையாகக் கலங்கும். அந்தக் கலங்கல் இன்னொரு வம்பையும் கொண்டுவரும். திரவ வளர்ப்பில் பாக்டீரியாவின் பெருக்கத்தை 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளந்துதான் கணக்கிடுகிறார்கள். ஈய பாஸ்பேட் துகளும் பாக்டீரியாவும் கருவிக்கு ஒன்றுதான். பாக்டீரியா போடாத, உலோகம் மட்டும் கலந்த ஒரு குழாயைப் பக்கத்தில் வைக்காதவர், வீழ்படிவு கூடுவதை உயிர் பெருகுவதாக எண்ணிவிடுவார்.

இதையெல்லாம் முறையாக யோசித்துச் செய்த ஒரு ஆய்வு உண்டு. அதன் நாயகன் பெல்ஜியத்துக்காரன். மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், லியேஜ் நகருக்கு அருகே நெடுங்காலமாகத் துத்தநாக ஆலைகள் இருந்துவந்தன. 1930 டிசம்பரில் பனிமூட்டமும் ஆலைப்புகையும் சேர்ந்து சில நாள்களில் சுமார் 60 பேரைக் கொன்ற பள்ளத்தாக்கு அது. அந்தப் பகுதியில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுநீர்த் தெளிவுத் தொட்டிச் சேற்றிலிருந்து 1976இல் ஒரு பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. சிஎச்34 என்று பெயரிட்டார்கள். அறிவியல் பெயர் ஆல்கலிஜீன்ஸ் என்று தொடங்கி, ரால்ஸ்டோனியாவாகி, இன்னும் ஒன்றிரண்டு மாறி, இப்போது குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்பதில் நிற்கிறது. மாக்ஸ் மெர்ஷேயும் உடன் பணிபுரிந்தவர்களும் 1985இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம்.

அவர்கள் பெப்டோனை ஒதுக்கினார்கள். பாஸ்பேட்டுக்குப் பதில் டிரிஸ் என்ற கரிமத் தாங்கல் பொருளைக் கொண்டு அமிலத்தன்மையை நிலைநிறுத்தி, பாஸ்பேட்டை உயிர் வாழ வேண்டிய அளவுக்கு மட்டும் கொடுத்து, உணவுக்கு குளுக்கோனேட்டைப் போட்டார்கள். அந்த ஏழைக் கரைசலில் துத்தநாகம் பெரும்பாலும் தனி அயனியாகவே உலவும். அதில் சிஎச்34 தாங்கியது 12 மில்லிமோல் வரை. லிட்டருக்கு ஏறத்தாழ 785 மில்லிகிராம். நீஸ் தந்த ஈ. கோலைப் பட்டியலும் இதே வகை டிரிஸ் ஊடகத்தில் எடுத்ததுதான் என்பதால் இரண்டையும் நியாயமாக ஒப்பிடலாம்: பன்னிரண்டுக்கு ஒன்று. டிரிஸ்ஸும் முழு நிரபராதி அல்ல. தாமிரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். குற்றமே இல்லாத ஊடகம் என்று ஒன்று இல்லை. எதில் எவ்வளவு குற்றம் என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் வழி.

சிஎச்34க்கு இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? அதன் முதன்மை மரபுத்தொகுதிக்கு வெளியே இரண்டு பெரிய பிளாஸ்மிட் வளையங்கள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஒன்றில் நிக்கல், கோபால்ட் எதிர்ப்பு. இன்னொன்றில் துத்தநாகம், காட்மியம், கோபால்ட் எதிர்ப்பு. பாதரச எதிர்ப்பு இரண்டிலும். இரண்டு வளையங்களையும் இழந்த வழித்தோன்றல், அதே ஊடகத்தில் ஒரு மில்லிமோல் துத்தநாகத்தைக்கூடத் தாங்கவில்லை. பிளாஸ்மிட்டைத் திருப்பிக் கொடுத்ததும் திறமை திரும்பியது. இதை ஐயமின்றிக் காட்ட முடிந்ததற்கு ஊடகமும் ஒரு காரணம். உலோகத்தை ஊடகமே விழுங்கிவிடும் தட்டில் பிளாஸ்மிட் உள்ளதும் இல்லாததும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கும்.

இரண்டாவது வளையத்தில் உள்ள எதிர்ப்பு ஜீன்கள் கட்டுவது ஒரு பம்பு. மூன்று வகைப் புரதங்கள் சேர்ந்து உள்சவ்விலிருந்து வெளிச்சவ்வு வரை நீளும் ஒரு குழாயாகி, துத்தநாகத்தையும் காட்மியத்தையும் கோபால்ட்டையும் செல்லுக்கு வெளியே தள்ளுகின்றன. துத்தநாகத்துக்குக் கதவை அடியோடு அடைத்துவிட முடியாது. பல நொதிகளுக்கு அது வேண்டும். காட்மியம் அதே கதவு வழியே துத்தநாகம்போல வேடமிட்டு நுழைகிறது. எனவே உள்ளே வருவதை ஓயாமல் வெளியேற்றுவதே பிழைப்பு. ஓட்டைப் படகில் ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே மறு கையால் துடுப்புப் போடுகிற மாதிரி. சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டைச் செலவழித்துத்தான் இந்தப் பம்பு ஓடுகிறது. நஞ்சு இல்லாத இடத்தில் இது வீண்செலவு. அதனால் உலோகம் உள்ளே வந்தால் மட்டுமே ஜீன்கள் விழித்துக்கொள்ளும்படி ஒரு கட்டுப்பாடும் உண்டு.

பிளாஸ்மிட் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளில் பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுமக்கும் பிளாஸ்மிட்களிலேயே காட்மியம், பாதரசம் போன்றவற்றுக்கான எதிர்ப்பும் சேர்ந்து இருப்பதை நோவிக், ரோத் இருவரும் 1968இலேயே காட்டிவிட்டார்கள். ஒரே வளையத்தில் இரண்டும் இருந்தால், மண்ணில் உலோகம் தங்கியிருக்கும் வரை மருந்து எதிர்ப்பும் தங்கும். ஆன்டிபயாட்டிக் சிதைந்துபோகும், காட்மியம் சிதையாது. உலோகம் தாங்கும் பாக்டீரியாவைக் கண்டதும் வயலில் தெளிக்கலாம் என்று பரிந்துரைக்கிறவர்கள், அதன் மருந்து எதிர்ப்பையும் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

ஊடகம் ஏமாற்றும் வழிகளில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. சில நஞ்சுகள் சத்துப்பொருளின் சாயலில் நுழைகின்றன. குரோமேட் அயனி வடிவத்தில் சல்பேட்டை ஒத்திருப்பதால் சல்பேட்டை உள்ளே இழுக்கும் புரதங்களே அதையும் இழுக்கின்றன. கரைசலில் சல்பேட்டைக் கூட்டினால் போட்டியில் குரோமேட் பின்தங்கும்; பாக்டீரியா திடீரென்று வலிமை பெற்றதுபோல் தோன்றும். ஆர்சனேட் இதே விளையாட்டைப் பாஸ்பேட்டோடு ஆடுகிறது.

இந்த இரண்டாவது ஜோடி உலகப் புகழ் பெற்ற கதை. கலிபோர்னியாவின் மோனோ ஏரி இயல்பிலேயே ஆர்சனிக் மிகுந்தது. அந்த ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த ஜிஎஃப்ஏஜே-1 என்ற பாக்டீரியா, பாஸ்பேட் சேர்க்காத, 40 மில்லிமோல் ஆர்சனேட் உள்ள ஊடகத்தில் வளர்கிறது. பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கையே தன் டிஎன்ஏவில் வைத்துக் கட்டுகிறது என்று 2010 டிசம்பரில் நாசா நிதியுதவி பெற்ற குழு 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. உயிரின் வேதியியலையே திருத்தி எழுத வேண்டும் என்கிற அளவுக்கு ஆரவாரம். ஆனால் பாஸ்பேட் சேர்க்கவில்லை என்பதும் பாஸ்பேட் இல்லை என்பதும் ஒன்றல்ல. பயன்படுத்திய உப்புகளில் மாசாக ஒட்டிவந்த பாஸ்பேட், லிட்டருக்கு மூன்று மைக்ரோமோல் அளவுக்கு அந்தக் கரைசலில் இருந்தது. சிக்கனமாக வாழும் பாக்டீரியாவுக்கு அது போதும். கனடாவின் ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் குழுவும் சுவிட்சர்லாந்தில் டோபியாஸ் எர்ப் குழுவும் தனித்தனியே சோதித்து, இது ஆர்சனிக்கைத் தாங்கும், ஆனால் பாஸ்பேட் இல்லாமல் வாழாத பாக்டீரியா என்று 2012இல் நிறுவினார்கள். மூலக் கட்டுரையை 2025இல் இதழே திரும்பப் பெற்றது. எழுதியவர்கள் அதற்கு உடன்படவில்லை. பாக்டீரியா உண்மையிலேயே அசகாயசூரன்தான். விவகாரமெல்லாம் குடுவையில் என்ன இருந்தது என்பதில்.

நேரமும் எண்ணை மாற்றும். உலோகத்தில் விழுந்த செல் உடனே பெருகாது; பம்புகளைக் கட்டி முடிக்க, கெட்டுப்போன புரதங்களை மாற்ற அவகாசம் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் நாள் வெறுமையாக இருந்த தட்டில் ஐந்தாம் நாள் புள்ளிகள் வரலாம். எத்தனை செல்களைப் போட்டோம் என்பதும் முக்கியம். கூட்டம் பெரிதாக இருந்தால், முதலில் செத்தவற்றின் சுவர்களே உலோகத்தை உறிஞ்சிக்கொண்டு மற்றவற்றுக்கு வழிவிடும்.

இவ்வளவும் தட்டில் வளர்கிறவற்றைப் பற்றி. மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் நூற்றுக்கு ஒன்றுதான் வழக்கமான அகாரில் வளரும் என்பது ஒரு தோராயக் கணக்கு. மற்ற தொண்ணூற்றொன்பதை என்ன கேட்பது? ஸ்வீடனில் எர்லாண்ட் போத் இதற்கு வகை செய்தார். மண்ணை நீரில் குலுக்கிச் சுழற்றிப் பாக்டீரியாக்களை மொத்தமாகப் பிரித்து, பல செறிவுகளில் உலோகம் கலந்து, கதிரியக்கக் குறியிட்ட தைமிடினையோ லூசினையோ கொடுப்பது. வளர்கிற செல்கள்தான் அதை எடுத்துத் தம்முள் சேர்த்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் கதிரியக்கத்தை அளந்தால், சமூகம் முழுவதன் வளர்ச்சி எந்தச் செறிவில் பாதியாகிறது என்று தெரிந்துவிடும். சுத்தமான மண்ணோடு ஒப்பிட்டு இந்தச் செறிவு கூடியிருந்தால், அங்கே உலோகம் தாங்காதவை ஒடுங்கித் தாங்குகிறவை பெருகியிருக்கின்றன என்று பொருள். தனியொரு பாக்டீரியாவின் சாதனையைவிட ஒரு நிலத்தின் நிலைமையைச் சொல்ல இது பன்மடங்கு நம்பகமானது. ஆனால் பத்திரிகைத் தலைப்புக்கு உதவாது.

மண் என்று வந்தால் ஊடகச் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. களிமண், மட்கு, இரும்பு ஆக்சைடு எல்லாம் உலோகத்தைப் பிடித்துவைக்கும். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் துத்தநாகம் என்று ஆய்வகம் தரும் மொத்தக் கணக்கு, வேர்க்கோ பாக்டீரியாவுக்கோ எட்டும் அளவைச் சொல்லாது. அதைக் கேட்டறிய பெல்ஜிய ஆய்வாளர்கள் பாக்டீரியாவையே அளவுகோலாக்கினார்கள். சிஎச்34இன் உலோக உணர்வு ஜீன்களோடு, கடலில் ஒளிரும் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியாவின் ஒளி ஜீன்களை இணைத்தார்கள். செல்லுக்குள் எவ்வளவு துத்தநாகம் நுழைகிறதோ அதற்கேற்ப அது ஒளிரும்.

அதற்குத் தோதான நிலம் அவர்கள் நாட்டிலேயே இருந்தது. லோமல் அருகே மாத்ஹைடே என்ற இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1974 வரை ஓடிய துத்தநாக உருக்காலை, சுற்றிலும் புல்கூட முளைக்காத மணல்வெளியை விட்டுச் சென்றது. 1990இல் அதில் மூன்று ஹெக்டேரில் பெரிங்கைட் என்ற காரத்தன்மையுள்ள நிலக்கரிக் கழிவுச் சாம்பலையும் கம்போஸ்டையும் கலந்து புல் விதைத்தார்கள். மண்ணிலிருந்து ஒரு கிராம் துத்தநாகமும் வெளியேறவில்லை. நீரில் கரைந்துவரும் பங்கு மட்டும் பல மடங்கு குறைந்தது. புல் பிடித்துக்கொண்டது.

தாங்குவதையும் துப்புரவு செய்வதையும் குழப்பிக்கொள்வது இந்தத் துறையின் தீராத வியாதி. பம்பு வைத்துத் தப்பிக்கும் பாக்டீரியா உலோகத்தை வெளியே துப்புகிறது; மண்ணில் இருந்தது மண்ணிலேயே இருக்கிறது. பாதரசத்தைத் தாங்குகிறவை அதை உலோகப் பாதரசமாக்கி ஆவியாக விடுகின்றன. தட்டைவிட்டுப் போனது ஆய்வகக் காற்றில் கலந்திருக்கும். நஞ்சின் வேதிநிலையையே மாற்றி அதன் பல்லைப் பிடுங்குவது சில உலோகங்களில்தான் நடக்கும். அவற்றுள் தமிழ்நாட்டுக்கு முக்கியமானது குரோமியம்.

ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகள் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு அங்கே குவிந்துகிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து குரோமேட் வடிவிலுள்ள குரோமியம்-6 கரைந்து மஞ்சள் நீராக இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குரோமியம்-6 எளிதில் கரையும், செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவைத் தாக்கும். குரோமியம்-3 பெரும்பாலும் கரையாத ஹைட்ராக்சைடாகி உட்கார்ந்துவிடும். ஆறை மூன்றாக்கும் பாக்டீரியாக்கள் பல உண்டு. ஆனால் குரோமேட்டைத் தாங்குவதும் குரோமேட்டை ஒடுக்குவதும் வெவ்வேறு ஜீன்களின் வேலை. நன்றாகத் தாங்குகிற ஒன்று அதைச் சற்றும் மாற்றாமலே வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம்.

எது நடக்கிறது என்று பார்க்க டைஃபினைல் கார்பசைடு சோதனை. மாதிரியை அமிலமாக்கி இந்தக் கரைசலைச் சேர்த்தால், குரோமியம்-6 இருந்தால் சில நிமிடத்தில் ஊதா சிவப்பாகும்; 540 நானோமீட்டரில் அளக்கலாம். நாளுக்கு நாள் நிறம் வெளுத்துவந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று மகிழ்வதற்கு முன் இரண்டு குடுவைகளைப் பார்க்க வேண்டும்: பாக்டீரியாவே இல்லாத ஊடகம் ஒன்று, வெப்பத்தால் கொன்ற செல்கள் உள்ளது ஒன்று. பெப்டோனும் சர்க்கரையும் தாமாகவே குரோமியத்தை மெல்ல ஒடுக்கும். செத்த செல்லின் சுவர் கொஞ்சத்தை ஒட்டிக்கொள்ளும். கரைசலின் மொத்தக் குரோமியத்தையும் அளந்தால்தான் அது மாறியதா மறைந்ததா என்பது விளங்கும்.

குடுவையில் தேறிய பாக்டீரியாவுக்கு நிலத்தில் வேறு தேர்வு காத்திருக்கிறது. குரோமேட் தயாரிக்கக் குரோமைட் தாதுவைச் சோடாக் காரத்தோடு வறுத்தபின் எஞ்சும் கழிவு கடும் காரத்தன்மை உடையது. ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலானவை நடுநிலைக் கரைசலில் நடந்தவை. அந்தக் காரத்தையும் சமாளித்து ஆறை மூன்றாக்கிவிட்டாலும், மண்ணில் இயல்பாக உள்ள மாங்கனீஸ் ஆக்சைடு குரோமியம்-3இன் ஒரு பகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து மீண்டும் ஆறாக்கவல்லது. குடுவையில் மாங்கனீஸ் ஆக்சைடை யாரும் போடுவதில்லை. கண்ணாடிக் குழாயில் அந்த நிலத்தின் மண்ணையே நிரப்பி, மழைபோல நீரைச் சொட்டவிட்டு, மாதக்கணக்கில் அடியில் வடிவதில் குரோமியம்-6ஐ அளக்கும் தம்பச் சோதனைக்குத்தான் அது பிடிபடும். அதற்கு ஒரு பருவம் போதாது.